எண்ணுவதும் அறிவியலே!



மார்கழி மாதத்தில் ஒருநாள் இரவு 10 மணிக்கு, எரியோட்டில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தென்கிழக்கே பாருங்கள். அங்கே எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக மின்னுவது சிரியஸ். அதற்கு ஒரு துணை விண்மீன் உண்டு. 1862-ல் தொலைநோக்கியில் அகப்பட்டது. பருமனில் பூமியைப் போன்றது. நிறையிலோ சூரியனுக்கு நிகரானது! எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன இத்தகைய விண்மீன்களை வெள்ளைக் குள்ளர்கள் என்பர்.

இவற்றின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர். 1930-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது வயது 19. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் வெள்ளைக் குள்ளன் நிலைக்காது என்றார். 1935-ல் லண்டன் கூட்டத்தில் பேரறிஞர் எடிங்டன் இதை ஏற்க மறுத்தார். அன்று அறியப்பட்டிருந்த வெள்ளைக் குள்ளர்கள் மிகச் சிலவே.

இன்று நிலைமை என்ன? 2013-ல் ஏவப்பட்ட கையா விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து மூன்றரை லட்சம் வெள்ளைக் குள்ளர்களை 2021-ல் பட்டியலிட்டனர். பெரும்பாலானவற்றின் நிறை சூரியனில் சுமார் 0.6 பங்குதான். அதே ஆண்டில் வேறொரு வான் கணக்கெடுப்பில், 1.35 மடங்கு நிறையுள்ள ஒன்று சிக்கியது. அது நிலவைவிடச் சற்றே பெரியது. எல்லையை நெருங்குகிறது, தாண்டவில்லை!

"பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை; அறிவியலாகுமா?" என்று சிலர் கேட்கலாம். நான் இதை ஒப்பமாட்டேன். சாலையில் ஒருவர் நின்றால் நாம் கவனிப்பதில்லை. நூறு பேர் ஓரிடத்தில் நின்றால், அங்கே ஏதோ நடக்கிறது என்று அறிகிறோம். அதுபோல், அருகிலுள்ள சுமார் 15,000 வெள்ளைக் குள்ளர்களை வரைபடத்தில் குறித்தபோது, ஓரிடத்தில் புள்ளிகள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. உட்பகுதி உறைந்து படிகமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது; அதனால் குளிர்வது தாமதமாகிறது. 1968-ல் சொல்லப்பட்ட இக்கருத்துக்கு 2019-ல் இவ்வாறு சான்று கிடைத்தது. ஒரே ஒரு விண்மீனைப் பார்த்து இதைக் கண்டிருக்க முடியுமா?

கையாவின் பட்டியல் எல்லோருக்கும் இலவசம். ஆனால் நம் பள்ளிக் கண்காட்சிகளில் ஆண்டுதோறும் அதே எரிமலை மாதிரிதான்! இவ்வாண்டு அருகிலுள்ள நூறு விண்மீன்களின் நிறத்தையும் உண்மை ஒளியையும் வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். இடப்புறம் கீழே சில புள்ளிகள் தனித்து நிற்கும். அவையே வெள்ளைக் குள்ளர்கள்.

பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதீர்கள்; மறுக்கவும் வேண்டாம். எண்ணிப் பாருங்கள்!