முதல் வண்டி எத்தனை மணிக்கு?

பண்டிகைச் சிறப்புப் பேருந்துகளின் பட்டியல் இந்த வாரம் வந்துவிட்டது. தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் கிளாம்பாக்கத்துக்குப் போக வேண்டும். காஞ்சிபுரம், வேலூர், திருத்தணிக்காரர்களுக்குக் கோயம்பேடு. பொன்னேரி, ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திரா போகிறவர்களுக்கு மாதவரம். எந்தத் தேதியில் எத்தனை வண்டிகள் கூடுதலாக ஓடும், புகார் சொல்ல எந்த எண்ணில் அழைக்க வேண்டும் என்பது வரை நாளிதழ்களில் தெளிவாக வந்திருக்கிறது. தொலைக்காட்சியிலும் நாள் முழுவதும் ஓடுகிறது. படித்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நம்முடைய போக்குவரத்துக் கழகங்களால் எவ்வளவு துல்லியமாகத் தகவல் சொல்ல முடியும் என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

அடுத்த நிமிடமே கோபம் வந்தது. வருடத்தில் சில நாட்கள் செய்ய முடிவதை மற்ற நாட்களில் ஏன் செய்வதில்லை? தென்மாவட்டத்தில் அண்மையில் புதுப்பித்துக் கட்டிய ஒரு பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தேன். வழுவழுப்பான கல்தரை, உயரமான கூரை, நகைக்கடை விளம்பரம் ஓடும் பெரிய திரை எல்லாம் இருக்கின்றன. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று எழுதிய ஒரு பலகை அந்த வளாகம் முழுவதும் இல்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். “கேட்டுக்கிட்டுத்தாண்ணே ஏறணும். நம்ம சொல்றதும் ஒரு குத்துமதிப்புதான்” என்றார். பக்கத்தில் ஒரு மூதாட்டி கைப்பையோடு நின்று, வந்த வண்டி ஒவ்வொன்றிலும் ஓடிப்போய்க் கேட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

கால அட்டவணைப் பலகை பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதுவது புதிதல்ல என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பேருந்து நிலையக் கழிப்பறைகளைப் பற்றி எழுதியபோதும் நடுவில் இந்தப் பேச்சு வந்துவிட்டது. பலகை வரும்வரை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

பழைய பேருந்து நிலையங்களின் சுவரில் மஞ்சள் அடித்துக் கறுப்பு எழுத்தில் எழுதியிருப்பார்களே, அந்தப் பலகையை மறக்க முடியுமா? ஊர்ப்பெயர், வழி, புறப்படும் நேரம் என்று மூன்றே பத்திகள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் யாரும் அதைப் பார்த்துப் பிழைத்துக்கொள்வார். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு அந்த வட்டாரத்தையே அது சொல்லிக் கொடுத்தது. திண்டுக்கல்லில் நின்றால் ஒட்டன்சத்திரம், பழனி ஒரு திசை, வத்தலக்குண்டு ஒரு திசை, நத்தம் ஒரு திசை, கரூர் ஒரு திசை. எந்தத் திசையில் வண்டிகள் நெருக்கமாகப் போகின்றனவோ அங்கே வியாபாரம் இருக்கிறது என்று பொருள். ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறிச் சந்தை. அய்யலூருக்கு வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. அந்த நாளில் அந்த வழித்தடத்துக் கூட்டமே வேறு மாதிரி இருக்கும். கடை போட நினைப்பவர் அந்தப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே போதும், சரக்கு எந்தப் பக்கமிருந்து வரும், வாங்குபவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்று புரிந்துவிடும்.

நேரத்துக்கு வண்டி ஓட்டுவதில் நமக்குப் பெரிய பாரம்பரியம் இருக்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் மதுரையில் பேருந்து விட ஆரம்பித்தார். டி.வி.எஸ். வண்டி வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை என்னுடையது. அந்த ஒழுங்கு தானாக வந்ததல்ல. அன்றைய சாலைகளில் மாட்டுவண்டிகளும் குதிரைவண்டிகளும் ஓடின. லாட ஆணிகள் உதிர்ந்து கிடந்து டயரைப் பதம் பார்த்தன. டயர் பஞ்சரானால் நேரம் தவறும். அதனால் சாலையில் கிடக்கும் ஆணிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்கியெடுக்கச் சுந்தரம் ஐயங்கார் ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது வண்டியை நிறுத்திவிட்டு உட்காரவில்லை. எரிவாயு தயாரிக்கும் கருவியை உருவாக்கி வண்டிகளை ஓட வைத்தார். கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பேருந்தோடு தொடங்கினார். ஓட்டுநரும் அவரேதான். பயணிக்கு நேரம் சொன்னால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் இந்த மனிதர்களிடம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன்.

1972-ல் பேருந்துகளை அரசுடைமையாக்கியபோது டி.வி.எஸ். வண்டிகள் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குப் போயின. சென்னைக்குப் பல்லவன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். தனியார் நன்றாக நடத்தியதை அரசு எடுத்துக் கெடுத்துவிட்டது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தனியார் வண்டி, கூட்டம் இருக்கும் சாலையில்தான் ஓடும். கூட்டமில்லாத ஊருக்கும் வண்டி போனது அரசுக் கழகங்களால்தான். அந்த வண்டிகளிலும் நான் தலையில் வைத்துக் கொண்டாடுவது ஒன்றைத்தான். இரவு தங்கல் வண்டி.

நகரத்து வாசகர்கள் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். டவுனிலிருந்து கடைசி நடையாகக் கிளம்பி, இரவு ஒன்பதரை, பத்து மணிக்குக் கிராமத்துக்குப் போய்ச் சேரும். திரும்பாது. ஆலமரத்தடியிலோ கோயில் திடலிலோ வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநரும் நடத்துநரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு அதே வண்டி முதல் வண்டியாக டவுனுக்குக் கிளம்பும். இரவில் வந்த கடைசி வண்டியும் காலையில் போகும் முதல் வண்டியும் ஒன்றுதான். அந்த ஊரின் பிழைப்பு இந்த ஒரு வண்டியைச் சுற்றித்தான் சுழல்கிறது.

மல்லிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு விழா எடுத்தோம், பெருமைப்பட்டோம். அந்தப் பூ சந்தைக்கு எப்படி வருகிறது என்று யோசித்தோமா? மல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். வெயில் ஏறும் முன்பே பறிக்க வேண்டும். மாலையில் விரிந்துவிடும். அதனால் இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குகிறார்கள். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துச் சிறு விவசாயி, அரை ஏக்கரில் பறித்த சில கிலோ மொட்டை ஈரத்துணியில் சுற்றி மூட்டை கட்டி, மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். சந்தை அதிகாலையில் சூடாக இருக்கும். பொழுது ஏற ஏற விலை இறங்கும். பத்து விவசாயிகள் சேர்ந்து வேன் வைக்கலாம். தனியாக நிற்கும் பெண்ணுக்கு வேன் கட்டுப்படியாகாது. அவருக்கு முதல் வண்டிதான் வேன். அது ஒரு மணி நேரம் தாமதமானால், அன்று பறித்த கூலியும் கைக்கு வராமல் போகும் நாட்கள் உண்டு.

பூ மட்டுமல்ல. கீரைக்கட்டு, வெற்றிலை, முருங்கைக்காய், நாட்டுக்கோழி முட்டை, தயிர்ப்பானை எல்லாம் அதே வண்டியின் பின்படிக்கட்டில்தான் ஏறுகின்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் மணப்பாறை முறுக்கும் இன்றைக்கு ஊர் ஊராகப் பெயர் பெற்றிருப்பதில் பேருந்து நிலையத்துக்கும் பங்கு உண்டு. வண்டி நிற்கும் சில நிமிடங்களில் ஜன்னலோரமும் விற்கும் பண்டங்கள் இவை. “வண்டியில போட்டு விட்டுட்டேன், நம்பரைக் குறிச்சுக்கோ” என்று ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்குப் போன் செய்வது எத்தனை காலமாக நடக்கிறது! அரசும் இதைக் கவனித்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், பேருந்தின் அடியில் இருக்கும் சுமைப் பெட்டியை 80 கிலோ வரை சரக்கு அனுப்ப நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் கொடுக்க முன்வந்தது. சுய உதவிக் குழுப் பெண்கள் தாங்கள் தயாரித்த பொருளை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமைக் கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்ற சலுகையும் வந்திருக்கிறது. இரண்டும் நல்ல காரியங்கள். மனமாரப் பாராட்டுகிறேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது எத்தனை பெண்களை வாசலைத் தாண்டி வேலைக்கும் வியாபாரத்துக்கும் கொண்டுவந்தது என்பதை எந்த வண்டியில் ஏறினாலும் பார்க்கலாம். ஆனால் டிக்கெட் இலவசம் என்பது வண்டி வந்தால்தான் பலன் தரும். ஆள் பற்றாக்குறை, வண்டி பழுது என்று சொல்லி ஒரு நடையை நிறுத்துகிறார்கள். பெரும்பாலும் முதலில் நிற்பது இரவு தங்கல் வண்டிதான். அதில் ஏறுகிறவர்கள் குறைவு, வசூல் குறைவு. கணக்குப் பார்ப்பவருக்கு அது நஷ்ட நடை. அந்த வண்டியில் போன பூவும் கீரையும் சந்தையில் என்ன பணமாக மாறின, அந்தப் பணம் ஊருக்குத் திரும்பி எந்த மளிகைக் கடைக்குப் போனது என்பது டிப்போவின் வசூல் கணக்கில் ஏறுவதில்லை. வசூலை மட்டும் வைத்து முதல் வண்டியை அளப்பது அநியாயம்.

நிலையத்தை இடம் மாற்றுவதும் இதே கணக்குத்தான். கோயம்பேட்டில் காய்கறி, பழம், பூச் சந்தை முதலில் வந்தது. 2002-ல் பேருந்து நிலையம் பக்கத்திலேயே வந்தது. மூட்டையோடு இறங்கியவர் சந்தைக்கு நடந்தே போனார். கிளாம்பாக்கம் 2023 டிசம்பரில் திறந்து, தென்மாவட்ட வண்டிகள் அங்கே போன பிறகு, சந்தைக்கும் இறங்கும் இடத்துக்கும் நடுவே 25 கிலோமீட்டருக்கு மேல் தூரம் விழுந்துவிட்டது. நகர நெரிசலைப் பார்த்தால் மாற்றம் தேவைதான், மறுக்கவில்லை. மூட்டையோடு வருபவர் அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பார் என்பதையும் அதே திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். ஊருக்கு வெளியே நிலையம் கட்டும் ஒவ்வொரு ஊரும் இதை மறக்கக் கூடாது.

1997-ல் வந்த மினி பஸ் திட்டத்தை 2025-ல் விரிவாக்கியிருக்கிறார்கள். 25 கிலோமீட்டர் வரை ஓடலாம். அதில் பெரும்பகுதி இதுவரை பேருந்தே போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. அந்த வண்டிகள் டவுனின் முதல் வண்டியோடு நேரம் பொருந்தி ஓடினால்தான் பயன். மினி பஸ் வந்து சேரும்போது பெரிய வண்டி கிளம்பிப் போயிருந்தால், பயணி இரண்டு இடத்தில் காத்துக் கிடப்பார்.

வாசகர்களில் சிறுகடை வைத்திருப்பவர்களும் ஊர் சுற்றுகிறவர்களும் நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். புது ஊருக்குப் போனால் முதலில் கடைசி வண்டியின் நேரத்தைக் கேளுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள். ஊர்ப்பெயரை மட்டும் படித்து ஏறாதீர்கள், வழியையும் படியுங்கள். பைபாஸில் போகும் வண்டி உங்கள் ஊருக்குள் வராது. கடை போடுவதற்கு முன் அந்த நிறுத்தத்தில் விடிகாலையிலும் இரவிலும் நின்று யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். சரக்கு அனுப்புகிறவர் அந்தத் தடத்து நேரக் காப்பாளரைப் பழக்கம் செய்துகொள்ளுங்கள். அவரை விட அந்தத் தடத்தை அறிந்தவர் இல்லை.

சென்னையில் வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022-லேயே வந்துவிட்டது. நல்லது. விடிகாலை நாலரை மணிக்குக் கூடையைத் தலையில் வைத்திருக்கும் பெண்ணால் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அவருக்குச் சுவரில் எழுதிய நேரம் வேண்டும். அதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. ஒரு டப்பா பெயின்ட்டும் ஓர் ஓவியரின் அரைநாள் கூலியும் போதும்.

போக்குவரத்துத் துறையிடம் நான் கேட்பவை மூன்றுதான். ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும், ஒவ்வொரு கிராம நிறுத்தத்திலும் முதல் வண்டி, கடைசி வண்டி நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். இரவு தங்கல் வண்டியை நிறுத்துவதென்றால் அந்த ஊராட்சிக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லி, அவர்கள் பதிலைக் கேட்ட பிறகு முடிவெடுங்கள். சந்தைக்குப் போகும் முதல் வண்டியின் நேரத்தைச் சந்தைக்காரர்களைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

உங்கள் ஊரில் அந்த வண்டி நின்றுபோயிருந்தால் சும்மா இருக்காதீர்கள். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வண்டித் தடம், நின்ற தேதி, அதில் சந்தைக்குப் போன சரக்கு, போனவர்களின் கையெழுத்து, இவை நான்கும் மனுவில் இருக்கட்டும். கூட்டமாகப் போய்க் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்பாதீர்கள்.