காலி இடம் எங்கே போனது?

சர்வரில் இருப்பது 16 ஜிபி ரேம். 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தால் காலி 300 எம்பிதான் என்கிறது. உடனே கூடுதல் ரேமுக்கு கொட்டேஷன் கேட்டுவிடாதீர்கள். டிஸ்க்கிலிருந்து படித்த ஃபைல்களை, மறுபடி தேவைப்படும் என்று லினக்ஸ் ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. புரோகிராம்கள் கேட்டால் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கு லாபம்? பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தியை. 2014-ல் வந்த 3.14 கெர்னலில்தான் இந்தக் கணக்கு சேர்ந்தது. அதுவரை குத்துமதிப்பாக நாமேதான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ரேமில் இடம் போதாதபோது டிஸ்க்கில் ஒதுங்கும் இடம் ஸ்வாப். அதில் 1 ஜிபி நிரம்பியிருப்பதாகத் தெரிந்தாலும் பயமில்லை. என்றோ ஒதுக்கியவை அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். 'விஎம்ஸ்டாட் 5' என்று கொடுத்து 'எஸ்ஐ', 'எஸ்ஓ' பத்திகளைக் கவனியுங்கள். (முதல் வரி, சர்வர் கிளம்பிய நாள் முதலான சராசரி. அதை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம்.) இரண்டிலும் எண்கள் ஓயாமல் ஓடினால் சர்வர் திணறுகிறது. ஸ்வாப்பும் நிரம்பி 'அவைலபிள்' வற்றிவிட்டால் கெர்னலே ஒரு புரோகிராமைக் கொல்லும். பலியாவது பெரும்பாலும் அதிக ரேம் தின்னும் ஆசாமி. பல அலுவலகங்களில் அது டேட்டாபேஸ்.