வீட்டுத் தண்ணீரும் மூலதனமே

ஒரு குடும்பத்தின் நிலையை அறிய விரும்புவோர், அவ்வீட்டிற்குத் தண்ணீர் எவ்வாறு வருகிறதென்று முதலில் கேட்டல் வேண்டும். கென்யா நாட்டில், நைரோபிக்குத் தென்கிழக்கே உள்ள மச்சாகோஸ் பகுதியில் ஒரு கிராம வீட்டிற்கு விருந்தினராகச் செல்பவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும்.

அங்கு அக்கம்பா இனத்தார் பயிரிட்டு வாழ்கின்றனர். மார்ச்சு முதல் மே வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழைக்காலம். மற்ற மாதங்களில் ஓடைகள் வறண்டு மணலாகிவிடும். அம்மணலைத் தோண்டி ஊறும் நீரைப் பெண்கள் முதுகில் சுமந்தோ, கழுதைமேல் ஏற்றியோ கொணர்வர்.

இத்தகைய வீட்டின் தகரக் கூரையோரத்தில் மழைநீரை ஏந்தும் தூம்பு பொருத்தி, கீழே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினால் விளைவதென்ன? ஒரு பருவத்தில் 300 மில்லிமீட்டர் மழை பெய்யுமாயின், 40 சதுர மீட்டர் கூரையில் 12,000 லிட்டர் நீர் விழும். சேதம் போக 10,000 லிட்டர் தங்கினும், நாளொன்றுக்கு 50 லிட்டர் வீதம் 200 நாட்களுக்குப் போதும்.

இதற்குப் பணம் ஏது? பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒவ்வொரு கூட்டத்திலும் சமமான தொகை செலுத்தி, திரண்டதை முறைவைத்து ஒருத்திக்கு அளிக்கின்றனர். நம் ஏலமில்லாச் சீட்டைப் போன்றதே இது. அயலார் கூடி ஒருவர்க்கொருவர் உழைக்கும் ‘ம்வெத்யா’ என்னும் பழைய வழக்கமும் அம்மக்களிடம் உண்டு. பணமும் உழைப்பும் இவ்வாறு சேருமிடத்தில், ஏழையின் வீட்டிலும் தொட்டி எழும்.

கடன் வழங்குவோர் பலர், விதையும் தறியும் வருவாய் தருவன, தண்ணீர்த் தொட்டியோ வெறும் வீட்டுச் செலவு என்பர். பணம் குறைந்த சங்கத்தில் அவ்வச்சம் இயல்பே. ஆயினும் அக்கணக்கு முழுமையானதன்று. அக்கம்பாப் பெண்கள் கற்றாழை நாரினால் ‘கியோண்டோ’ என்னும் கூடைகளைப் பின்னி விற்பவர்கள். நீருக்காக நடக்கும் ஒவ்வொரு மணியும் பின்னப்படாத கூடையே, களையெடுக்கப்படாத வயலே. அந்நேரத்தை மீட்டுத் தரும் தொட்டி, தறியைப் போலவே ஒரு தொழிற்கருவியாகும்.

கடன் கமிட்டியில் அமரும் அன்பர்களே! வீட்டுத் தண்ணீருக்கென ஒரு மனு வருமாயின், அதனை உடனே ஒதுக்காதீர்கள். அக்குடும்பத்துப் பெண்ணுக்கு நாள்தோறும் எத்தனை மணி நேரம் மீளும் என்பதை முதலில் கேளுங்கள். அதன்பின் தீர்மானம் எழுதுங்கள்.