வெண்மைக்குள் ஒளிந்த ஊதா

திருவரங்கத் தீவின் தோட்டங்களில் பூவன் கன்றை நட்டவர் பூவன் தாரையே வெட்டுகிறார். கன்று தாய்வாழையின் உடலிலிருந்தே பிரிந்த பகுதி. ஆதலால் தாயின் இயல்பு மாறுவதில்லை. 'வாழையடி வாழையாக' என நம் முன்னோர் வாழ்த்தியதும் இதனைக் கண்டே. ஆனால் இரு செடிகளை மகரந்தத்தால் இணைத்து, விதையிலிருந்து புதுமலர் காண விழைவோர்க்கு இவ்வுறுதி இல்லை.

இன்று திருச்சியின் மணமேடைகளிலும் இடம்பெறும் ஆர்க்கிட் மலரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரே காயில் இலட்சக்கணக்கான விதைகள் தூளாக நிறைந்திருப்பதுண்டு. விதை முளைத்துப் பூப்பதற்குள் பல ஆண்டுகள் உருண்டோடிவிடும். அத்தனை காலம் காத்திருப்பவர், பூ எந்நிறமாகும் என முன்னரே அறிய விரும்புவது இயற்கையே.

இதற்கு வழிகாட்டியவர் அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல். பிர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் ஊதாப்பூப் பட்டாணியையும் வெள்ளைப்பூப் பட்டாணியையும் அவர் இணைத்தார். முதல் தலைமுறை முழுவதும் ஊதா. அடுத்த தலைமுறையிலோ 705 செடிகள் ஊதா, 224 வெள்ளை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. வெண்மை அழியவில்லை, மறைந்திருந்தது. 1866-இல் அச்சான இவ்வுண்மையின் அருமையை அறிவியல் உலகம் 1900-இல்தான் உணர்ந்தது.

ஆர்க்கிட்டின் கதை இன்னும் வியப்புக்குரியது. கட்லேயா என்னும் வகையில், வெள்ளை மலர்ச்செடிகள் இரண்டை இணைத்தபோது பிள்ளைச் செடிகள் ஊதாவாகப் பூத்ததுண்டு. ஊதா நிறம் தோன்ற இரு காரணிகள் வேண்டும். தாயிடம் ஒன்று இல்லை. தந்தையிடம் மற்றொன்று இல்லை. இருவரும் தம்மிடம் உள்ளதை வழங்கவே, பிள்ளையிடம் இரண்டும் கூடின. புறநிறத்தை மட்டும் கண்டு குறி சொல்பவர் இங்கே தோற்றுப்போகிறார். பாட்டன் பாட்டியை அறிந்தவரும் நூறு செடிகளில் ஏறத்தாழ எத்தனை ஊதா என்று சொல்லலாமேயன்றி, கையிலுள்ள இந்த ஒரு விதை என்னவாகும் என்று அறுதியிட்டுக் கூறல் அரிது.

மனிதரின் தோல்நிறமோ மிகப் பல காரணிகளின் கூட்டு. அவ்வாறிருக்க, நிறம் பார்த்துப் பெண்ணை மறுப்பதும், பெற்றோரினும் கருத்த மகவு பிறந்தால் தாயை ஐயக்கண்ணோடு நோக்கிக் குத்திப் பேசுவதும் எத்துணைப் பேதைமை! அச்சொல்லால் எத்தனை இல்லங்களில் கண்ணீர்! தொட்டிலில் கிடக்கும் மழலை புதிதாய் மலர்ந்த பூ. அதன் நிறத்துக்கு விளக்கம் கேளாமல், அதனை வாரி அணைத்துக்கொள்வோம்.