மூக்குக்கு மதிப்பில்லையா?

வேலையில் இரு காதும் முழுச் செவிடானால் சட்டப்படி நூற்றுக்கு நூறு ஊனம். ஒரு கண் போனால் 40. கால் கட்டைவிரல் முழுதும் போனால் 14. இது 1923-ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் பட்டியல். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதையே எடுத்துக் கொண்டது. மேலிருந்து கீழ்வரை தேடிப் பாருங்கள். மோப்ப சக்திக்கு ஒரு வரிகூட இல்லை!

அரியலூர் சிமெண்டு ஆலைத் தொழிலாளிக்கும் பெரம்பலூர்ப் பருத்திக்காட்டுக் கூலியாளுக்கும் இது சின்ன விஷயமா? ஒயர் கருகுவதையும், காஸ் கசிவதையும், சோறு ஊசிப் போனதையும் முதலில் சொல்வது மூக்குதான். சிமெண்டுத் தூசி ஈரம் பட்டால் காரமாகிச் சதையை அரிக்கும். மூக்கோ எந்நேரமும் ஈரம். பூச்சி மருந்தின் சங்கதியோ இன்னும் மோசம். 2017-ல் பெரம்பலூர் வட்டாரத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள். சிலர் மாண்டும் போனார்கள். அதே ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் செத்தவர்கள் 20 பேருக்கும் மேல்.

பிழைத்தவர்களின் மூக்கு என்னவாயிற்று? அமெரிக்காவில் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறையேனும் பூச்சி மருந்தில் கடுமையாக அகப்பட்ட விவசாயிகள், சுமார் இருபது ஆண்டு கழித்தும், மோப்பம் குறைந்ததென்று மற்றவர்களைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாகச் சொன்னதாக 2019-ல் ஆராய்ச்சி முடிவு வெளிவந்தது.

பட்டியலில் இல்லாத ஊனத்தை டாக்டர் மதிப்பிட வேண்டும். உடனே முதலாளி தரப்பு கேட்கும்: "மோப்பம் போனதற்கு என்ன அத்தாட்சி?" மூக்கின் விஷயத்தில் அத்தாட்சிக்கு வழியே இல்லை என்ற காலம் மலையேறிவிட்டது.

மூக்கின் உச்சியில், ஒரு தபால் தலையளவு இடத்தில், வாசனையைப் பிடிக்கும் புரதங்கள் இருக்கின்றன. லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் என்ற இருவர் 1991-ல் இவற்றின் மரபணுக்களைக் கண்டறிந்து 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதனுக்குச் சுமார் 400 வகை உண்டு. ஒன்றைப் போலவே இன்னொன்று! 400 ஆடுகள் உள்ள மந்தையில் தன் ஆட்டை மட்டும் பிடிக்கும் இடையனைப் போல, ஒரு வகையை மட்டும் தேடிப் பற்றும் பொருள் வேண்டும். அதுதான் எதிர்ப்பொருள். முயல் அல்லது எலியின் உடலில் உண்டாக்கி, ஒளிரும் சாயம் ஏற்றி, மூக்கின் திசுவில் விட்டால், அந்தப் புரதம் இருக்கும் இடம் மின்னும். சில எதிர்ப்பொருள்கள் ஆடு மாறிப் பிடிப்பதும் உண்டு. நல்ல விஞ்ஞானி சோதித்த பின்தான் நம்புவான். இவ்வகைச் சாயங்களின் உதவியோடுதான், கொரோனா முதலில் தாக்குவது வாசனை நரம்பையல்ல, அதைத் தாங்கும் துணைச் செல்களை என்று 2020 முதல் தெளிவாயிற்று.

ஒரே மாதிரியான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு விளைவிக்கும் வழியை 1975-ல் கண்டவர்கள் கோலரும் மில்ஸ்டைனும். கேம்பிரிட்ஜில், பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. அதற்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகத்துக்கே கிடைத்த சொத்து! இன்று கம்பெனிகள் அதை வைத்து ஒரு துளிக்குப் பல்லாயிரம் ரூபாய் வாங்குகின்றன. நம் சர்க்கார் ஆராய்ச்சிக் கூடங்களே இவற்றைத் தயாரித்து, தூசியும் மருந்தும் தின்ற மூக்குகளை ஆராய என்ன தடை?

எதிர்ப்பொருள் ஆலை வாசலில் வைத்துச் சோதிக்கும் சரக்கல்ல. சீசாவிலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள். தொழிலாளியைச் சோதிக்க அது தேவையுமில்லை. கண்ணைக் கட்டி, காப்பித்தூளையும் கிராம்பையும் முகரச் சொல்லி ஆரம்பிக்கலாம். குறை தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் முறையான சோதனை. வேலையில் சேரும் அன்றே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, முடிவை எழுதி ஒரு நகலைத் தொழிலாளி கையில் கொடுக்கச் சொல்லுங்கள். விவசாயக் கூலிகளுக்கு மருந்தடிப்புக் காலத்துக்கு முன்னும் பின்னும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்யட்டும். சட்டப் பட்டியலில் மூக்குக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கோருகிறோம்.