மைக் படத்தைக் காணோம்

எங்கள் தெருக்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதற்கு அட்மின் நான். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு என்று என் மனைவி கேலி செய்வாள். 2020 ஊரடங்கின்போது ஆரம்பித்தது. காய்கறி வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ள நாற்பது பேர் சேர்ந்தோம். இப்போது நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது.

எங்கள் ஊருக்கு இப்படி ஒரு குழு அவசியம் என்பதை வெளியூர் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். புதுச்சேரி டவுனிலிருந்து பிள்ளைச்சாவடிக்கு வருகிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து மறுபடி புதுச்சேரிக்குள் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன எல்லை அப்படி. மழைக்காலத்தில் டி.வி.யில் 'விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று ஓடும். எங்கள் பிள்ளைகள் உடனே பையைத் தூக்கி மூலையில் போட்டுவிடும். நமக்கு விடுமுறை உண்டா இல்லையா என்று விசாரித்துச் சொல்ல உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும். கரண்ட் எப்போது வரும் என்பதிலும் இதே கதைதான். ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் போட்ட காலத்தில் அது கணக்கில் ஏறியதா என்பதிலும் இதே கதையாகத்தான் இருந்தது.

முதல் வருஷம் குழு நன்றாகவே நடந்தது. பிறகு ரோஜாப்பூக்கள் வர ஆரம்பித்தன. காலை ஐந்தே முக்காலுக்கு முதல் ரோஜா. அப்புறம் ஆவி பறக்கும் காபி, பிள்ளையார், பொன்மொழி, சர்க்கரை நோயை ஏழு நாளில் விரட்டும் கஷாயம். இதற்கு நடுவே ஒருவர் 'ஓ பாசிட்டிவ் ரத்தம் அவசரம்' என்று போட்டால், அது நாலு வருஷத்துக்கு முந்தைய ஃபார்வேர்டு என்று கண்டுபிடிப்பதற்குள் பத்துப் பேர் போன் பண்ணியிருப்பார்கள்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. ஏப்ரல் 19-இல் எங்களுக்கு வாக்குப்பதிவு. அதற்கு முந்தின வாரம் குழுவில் நடந்த சண்டையை இங்கே எழுத வேண்டாம். இருபது வருஷமாக ஒன்றாக நடைப்பயிற்சி போன இரண்டு பேர் ஒரு கார்ட்டூனுக்காக அடித்துக்கொண்டு குழுவை விட்டே போனார்கள். 'யாராவது புகார் கொடுத்தால் உங்களைத்தான் சார் பிடிப்பாங்க' என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். (வெறும் அட்மின் என்பதற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் நம் மதுரைக் கிளையும் 2021-இலேயே சொல்லியிருக்கின்றன. அது எனக்கு அப்போது தெரியாது.) அன்று இரவே செட்டிங்கில் போய், அட்மின் மட்டும்தான் செய்தி போடலாம் என்று மாற்றிவிட்டேன்.

எவ்வளவு நிம்மதி! மறுநாள் காலை ரோஜா இல்லை, காபி இல்லை. வாரத்துக்கு நாலு அறிவிப்பு நான் போடுவேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் 'இப்பத்தான் சார் குரூப்பு குரூப்பா இருக்கு' என்று பாராட்டினார்கள். ஏழு மாதம் அந்தப் பெருமையிலேயே ஓடியது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. கரண்ட் போய்விட்டது. சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று பத்து மணிக்கே போனை அணைத்துவிட்டுப் படுத்தேன். அதற்கு முன் குழுவில் கடைசி அறிவிப்பும் போட்டேன்: 'அனைவரும் பாதுகாப்பாக இருக்கவும்.'

எங்கள் பின்தெருவில் பள்ளத்தில் ஒரு வீடு. அதில் எழுபத்து நாலு வயசு அக்கா ஒருவர் தனியாக இருக்கிறார். மகன் பாரிஸில். விடிந்ததும் மூன்று வீடு தள்ளி இருக்கும் பையன் ஒருவன்தான் முழங்கால் தண்ணீரில் போய்ப் பார்த்திருக்கிறான். அக்கா சாப்பாட்டு மேஜை மேல் உட்கார்ந்திருந்தாராம். ராத்திரி ஒரு மணியிலிருந்து அப்படியே. ஃப்ரிட்ஜ் கவிழ்ந்து இன்சுலின் போய்விட்டது. வீட்டுக்காரர் காலத்துக் காகிதங்கள், போட்டோக்கள் எல்லாம் கூழ். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது புண்ணியம்.

"ஏன்க்கா, குரூப்பில் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"எனக்கு எழுதத் தெரியாது தம்பி. அந்த மைக் படத்தை அமுக்கித்தான் பேசுவேன். ராத்திரி எடுத்துப் பார்த்தா மைக் படத்தையே காணோம். போன்தான் கெட்டுப்போச்சுன்னு வச்சிட்டேன். பையன் அங்கேயிருந்து உனக்குப் போட்டானாம், உன் போனும் எடுக்கலையாமே."

மூன்று வீடு தள்ளி இருந்த பையன் அன்று இரவு முழுக்கத் தூங்கவே இல்லை. மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தவன் அவன். அக்காவின் குரல் குழுவில் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் போயிருப்பான். இருவருக்கும் நடுவே இருந்தது நான் போட்ட பூட்டு.

இந்த இடத்தில் எனக்கு நல்லவாடு ஞாபகத்துக்கு வருகிறது. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள மீனவ கிராமம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இலிருந்து நம் பகுதி கிராமங்களில் அறிவு மையங்கள் வைத்தது பழைய ஆட்களுக்குத் தெரியும். வில்லியனூரில் தலைமை மையம். கிராமம் இடம் கொடுக்க வேண்டும், உள்ளூர்ப் பெண்களே பெரும்பாலும் அதை நடத்துவார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வாட்ஸ்அப் பிறப்பதற்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய சமாசாரம்.

2004 டிசம்பர் 26. நல்லவாட்டுக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டு ஊருக்குப் போன் போட்டார். ஊரார் ஓடிப்போய், ஒலிபெருக்கி இருந்த சமூகக் கூடத்தின் பூட்டிய கதவை உடைத்து, மைக்கில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட ஊர். வீடுகளும் படகுகளும் போயின. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று சொல்வார்கள். நானும் பல இடத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அக்கா வீட்டிலிருந்து திரும்பி வரும்போதுதான் வேறு விதமாகப் பட்டது. எச்சரிக்கை மையத்திலிருந்து வரவில்லை. வெளியூரில் இருந்த சாதாரண உறுப்பினரிடமிருந்து வந்தது. கதவை உடைத்தவர்களும் நிர்வாகிகள் இல்லை, ஊர்க்காரர்கள். தினமும் காதில் விழுந்து பழகிய மைக் என்பதால் ஊர் அதை நம்பி ஓடியது. என் குழுவில் உடைப்பதற்குக் கதவுகூட இல்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டத்தில் இளைஞர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: மெம்பர்கள் ஆக்டிவாக இல்லை, வினாடி வினா வைக்கலாம், பரிசு கொடுக்கலாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. யாகோப் நீல்சன் என்ற கணினி ஆய்வாளர் 2006-இல் ஒரு கணக்கு எழுதினார். இணையக் குழுக்களில் பொதுவாக நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சம் ஒரே ஒருவர்தான் ஓயாமல் எழுதுவார். எங்கள் குழுவில் அந்த ஒருவர் ரோஜாப்பூக்காரர். அவர் வாயை மூட வேண்டும் என்று தொண்ணூறு பேரின் வாயையும் நான் அடைத்தேன். பேசாதவர் இல்லாதவர் என்று நினைத்ததுதான் என் தப்பு. அக்கா நாலு வருஷத்தில் மூன்று முறைதான் பேசியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு அறிவிப்பையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

டிசம்பர் 2-ஆம் தேதி பூட்டைத் திறந்துவிட்டேன். ரோஜாக்கள் மூன்றாவது நாளே திரும்பி வந்தன, வரட்டும். அரட்டைக்கென்று தனிக்குழு ஒன்று வைத்துப் பார்த்தேன். கூட்டம் இருக்கும் இடத்தில்தானே கடை போடுவார்கள், பாதிப் பேர் அங்கே போகவில்லை. இன்னொரு அட்மினாக அந்த மூன்று வீட்டுப் பையனைப் போட்டேன். இரவில் விழித்திருப்பவன் ஒருவன் வேண்டுமே!

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்றினேன். 'குடிநீர் எப்படி வருகிறது, கருத்துச் சொல்லவும்' என்று போட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். 'பள்ளத்துத் தெருவில் இன்றைக்குத் தண்ணீர் கலங்கலாக வந்ததா?' என்று கேட்டால் ஆறு பேர் பதில் சொல்கிறார்கள். அதில் இரண்டு பேர் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர்கள். முதல் முறை பேசுகிறவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த முறை பேசவே மாட்டார் என்பதையும் கவனித்தேன். தெருவில் வணக்கம் சொன்னவரைப் பார்க்காமல் போவது மாதிரிதானே அது.

கடலோரத்துத் தம்பி ஒருவர் ஒருநாள் வீடியோ போட்டார். எண்பதுகளின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல்லைக் கொட்டிக் கட்டிய தடுப்பு, வடக்கே வரும் மணலை மறித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் தின்றுகொண்டே இருக்கிறது. மீனவர் வீடுகள் போயிருக்கின்றன. சாலைக்கு மேற்கே மனை வாங்கி வீடு கட்டிய எங்களுக்கு அது செய்தித்தாளில் வரும் விஷயம். கல் கேட்டு அவர்கள் மறியல் செய்தால் பஸ் லேட்டு என்று முணுமுணுப்போம். அந்த வீடியோவில் அவர் வீட்டுத் திண்ணைக்கு எட்டடியில் அலை. ஒன்றும் விளக்கவில்லை, 'நேத்து ராத்திரி' என்று மட்டும் எழுதியிருந்தார். நாற்பது பேருக்கு மேல் பதில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்திலிருந்து ஒன்பது பேர் நடந்து போய்ப் பார்த்தோம். சாலையைக் கடந்தால் பத்து நிமிட நடைதான். பூட்டு இருந்திருந்தால் அந்த வீடியோ எனக்குத் தனியாக வந்திருக்கும். நானும் 'நன்றி' என்று கைகூப்பிய படம் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருப்பேன்.

தேர்தல் சண்டையில் விலகிப்போன இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் வீட்டுக்கு நேரிலேயே போனேன். காபி கொடுத்தார், மகள் கல்யாணப் பேச்சு நடக்கிறதென்று சொன்னார், வாசல் வரை வந்து வழியனுப்பினார். குழுப் பேச்சை எடுத்ததும் "பார்க்கலாம் சார்" என்றார். பொங்கல் கழித்து மறுபடி ஒருமுறை போகலாம் என்றிருக்கிறேன்.