பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

சுன்னாகத்தில் வாடகைக் கார் ஓட்டும் முதியவர் ஒருவர் நமது அயலவர். அவருடையது பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் டீசல் கார். ஓடும்போது குறையில்லை. மெக்கானிக்குகள் ‘ஐடிலிங்’ என்னும் வெற்றோட்டத்திலோ என்ஜின் நடுங்கும், ஏறி இறங்கி மூச்சு வாங்கும், சந்தியில் நின்றும்விடும். ‘டீசல் பம்ப் பழுது’ என்று எவரோ சொல்லிவிட, மனைவியின் காப்பை அடகு வைக்கும் எண்ணத்தோடு நம்மிடம் வந்தார்.

“மாஸ்டர், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறனீங்கள். ஒருக்கால் வந்து பாருங்கோ” என்றார்.

டீசல் என்ஜினின் வேகத்தை ஆள்வது, பம்ப் அளந்து அனுப்பும் எண்ணெயே. வெற்றோட்டத்தில் ஒவ்வொரு முறையும் நோசில் வழியே புகுவது ஒரு துளியின் சிறு பகுதிதான். அதில் ஒரு காற்றுக்குமிழி கலந்தாலும் எரிதல் தவறும். வேகம் தளரவே, பம்பிலுள்ள கவர்னர் எண்ணெயைக் கூட்டும். வேகம் மிகவே, குறைக்கும். இதுவே அந்த ஏற்ற இறக்கம். விரைந்து ஓடும்போது எண்ணெயும் மிகுதி, சுழலும் சில்லின் வேகமும் மிகுதி. ஆதலால் குற்றம் வெளியே தெரிவதில்லை.

ஐடிலிங் திருகாணியை முறுக்கி வேகத்தைக் கூட்டுவது, காய்ச்சல்காரனை விட்டு வெப்பமானியைத் திருத்துவது போன்றது. தேடலைத் தாங்கியிலிருந்து தொடங்க வேண்டும். தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டதா? பில்டர் அழுக்கேறியதா? குழாயில் வெடிப்புண்டா? தாங்கிக்கும் ஊட்டுப் பம்புக்கும் இடையே எண்ணெய் உறிஞ்சப்படுவதால், அங்குள்ள வெடிப்பில் டீசல் ஒழுகாமலே காற்று உட்புகும். இவையெல்லாம் சரியாயின், அடுத்து நோசில்கள். அவற்றின் குழாய்களில் வளிமண்டல அழுத்தத்தின் 100 மடங்குக்கு மேல் எழும். பீச்சும் டீசல் தோலையும் துளைக்கும். மாணவர்கள் அங்கே கைவைத்தலாகாது.

பம்பைச் சந்தேகிப்பது கடைசியில். 1990 இன் பின் டீசல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெய் குடித்த பம்புகள் நம்மூரில் பல. இவ்வகைப் பம்புகளுக்கு டீசலே மசகெண்ணெயும் ஆதலால், அவை மெய்யாகவே தேய்ந்திருக்கக்கூடும்.

முதியவர் காரில் குற்றவாளி, தாங்கியிலிருந்து வரும் சிறு இரப்பர்க் குழாய். பிடிவளையத்தின் கீழே மயிரிழை வெடிப்பு! புதுக் குழாய் பூட்டி, பில்டரின் திருகாணியைத் தளர்த்தி, குமிழியற்ற டீசல் வரும்வரை கையால் பம்ப் அடித்தோம். என்ஜின் சீராக ஓடிற்று. காப்பு கையிலேயே தங்கிற்று.

தகரத்தில் பிடித்த டீசலை அவர் வேலியோரம் ஊற்றப் போனார். தடுத்துவிட்டோம். நமது நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குச் செல்லும். சுன்னாகம் அனல் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசுற்ற வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதித்ததை நினைவூட்டினோம்.

“அப்ப, இதையும் வடிச்சு வைப்பம் மாஸ்டர்” என்றார் முதியவர். அன்று நாம் கேட்ட சிறந்த விடை அதுவே.